“சாமி கண்ணைக் குத்தும்” என்பதற்குப் பதிலாக நான்கு வயது மகளுக்கு எதைச் சொல்வது?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தாய்

மறைக்கல்வி கற்பிப்பவர்களும் பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்களும் இங்கே இருப்பதால் துணிந்து கேட்கிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வசிக்கிறோம். நானும் கணவரும் விடிந்ததும் பிரட்டுக்கு (வேலைக்கு ஆளெடுக்கும் இடத்துக்கு) போய்விடுவதால், நான்கு வயதும் மூன்று மாதமும் ஆன எங்கள் மகளை என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். காலையில் சில மணி நேரம் முன்பள்ளிக்குப் போய் வருகிறாள். தோட்டத்துச் சிற்றாலயத்தில் மாதத்துக்கு ஒரு முறைதான் திருப்பலி நடக்கிறது. மறைக்கல்வி வகுப்போ முதலாம் தரத்துப் பிள்ளைகளிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே அதுவரைக்கும் அவளுக்கு நல்லதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு முழுவதும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன், படுக்கைப் பாயை உதறியபோது அதனடியிலிருந்து ஒரு சிவப்பு நிறப் பென்சில் உருண்டு வந்தது. அது முன்பள்ளிக்குச் சொந்தமானது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. யார் கொடுத்தது என்று கேட்டேன். “டீச்சர் தந்தாங்க” என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார், “பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்” என்று சொல்லிவிட்டார். சின்ன வயதில் நானும் கேட்டு வளர்ந்த சொல்தான் என்பதால், அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவு செபத்துக்கு உட்கார்ந்தபோது, எங்கள் காம்பராவின் (லயத்து வீட்டு அறையின்) சுவரில் மாட்டியிருக்கும் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முதுகைக் காட்டியபடி அமர்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டாள். மறுநாள் மாலை நான் தேயிலை மலையில் வேலை முடிந்து வந்து பார்த்தால், உட்காரும் பலகையின்மேல் ஏறி, தன் தகப்பனின் துவாயை அந்தப் படத்தின்மேல் போட்டு மூடியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, “சாமி என்னைப் பார்க்க வேணாம்” என்றாள். அந்தத் துவாய் இன்றுவரை அங்கேயே தொங்குகிறது. மாதத் திருப்பலிக்கும் வர மறுத்து அழுதாள்.

இதற்கு முன்பு, கைத்தொலைபேசியில் கிடைத்த ஒரு “வாரம் ஒரு நற்பண்பு” அட்டவணையையும் முயன்று பார்த்தேன். கீழ்ப்படிந்தால் ஒரு நட்சத்திரம், பகிர்ந்தால் ஒரு நட்சத்திரம். இரண்டாம் வாரத்தில், நட்சத்திரம் ஒட்டுவாயா என்று முதலில் கேட்டு, அதன் பிறகே தண்ணீர்ச் செம்பை அப்பாயியிடம் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினாள். அது எனக்குப் பிடிக்காததால் அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

பொய்யும் திருட்டும் தவறென்று அவள் அறிய வேண்டும். அதேவேளை, இயேசுவைக் கண்டு முகத்தை மூடும் பிள்ளையாக அவள் வளர்ந்துவிடக் கூடாது. இந்த வயதில் இதை எப்படிச் செய்வது? பென்சில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பதில் 1: தலவாக்கலை மறையாசிரியை

அன்புச் சகோதரி, எங்கள் பங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறுவர் வகுப்பை நடத்தி வருகிறேன். முதலில் அந்தத் துவாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நீங்கள் எடுக்க வேண்டாம், எடுக்கும்படி அவளை வற்புறுத்தவும் வேண்டாம். அவளாகப் போட்டதை அவளாகவே எடுக்கும் நாள் வரும்வரை, அந்தப் படத்தின் கீழேயே, துவாய் இருப்பதைக் கவனியாதவர்களைப் போல, நீங்கள் வழக்கம்போல செபம் சொல்லுங்கள். அவளுடைய அச்சத்தை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரியட்டும்.

அடுத்து, உங்கள் மகள் செய்ததைப் பாவமென்று எண்ணிக் கலங்காதீர்கள். ஏழு வயது நிறைவுற்ற பிறகே ஒரு பிள்ளைக்குப் புத்தி விவரம் உண்டென்று திருச்சபைச் சட்டம் கருதுகிறது. 1910-ஆம் ஆண்டில் திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் முதல்நன்மைக்குரிய (முதன்முறை நற்கருணை பெறுவதற்குரிய) வயதை ஏறத்தாழ ஏழு என்று வகுத்துக் கொடுத்ததும் இதே அடிப்படையில்தான். முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் (கனமான பாவம்) இல்லை என்று நாமே பெரிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நான்கு வயதுப் பிள்ளையிடம் அவ்விரண்டையும் எங்கே தேடுவது? அந்த வயதில் விருப்பத்துக்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள வேலி மிகவும் தாழ்வானது. “டீச்சர் தந்தாங்க” என்று அவள் சொன்னபோது, டீச்சர் தந்திருக்க வேண்டுமென்ற ஆசையையும் சேர்த்தே சொல்லியிருப்பாள்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, 1930-களின் தொடக்கத்தில், சிறு பிள்ளைகளிடம் இரண்டு கதைகளைச் சொல்லிக் கேட்டார். ஒரு சிறுவன் கதவைத் திறக்கும்போது, அதன் பின்னால் இருப்பது தெரியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன், அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்கப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். இருவரில் யார் செய்தது பெரிய குற்றம்? சின்னஞ்சிறியவர்களில் பலர் பதினைந்து கோப்பைகளை உடைத்தவனையே காட்டினார்கள். எண்ணத்தைப் பார்க்கும் கண் அவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. உடைந்து கிடப்பதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. இதே கதையை, தேத்தண்ணீர்க் கோப்பை என்று மாற்றி எங்கள் வகுப்பிலும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதினர் அப்படித்தான் சொன்னார்கள். மனச்சான்று என்பது எண்ணத்தைப் பற்றியது. அதைப் பார்க்கவே தெரியாத பிள்ளையின் மனத்தில் தண்டிக்கும் கடவுளை முதலில் குடியேற்றினால், நற்பண்புக்குப் பதிலாக ஒளிந்துகொள்ளும் திறமைதான் வளரும். துவாய் அதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் எதைக் கற்பிப்பது? 1954-இல் உரோமையில் சோபியா கவல்லேத்தி என்ற விவிலிய அறிஞரும், மொந்தெசோரி ஆசிரியையான ஜான்னா கொபியும் இணைந்து ஒரு மறைக்கல்வி முறையைத் தொடங்கினார்கள். மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு அவர்கள் ஒழுக்க விதிகளைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நல்ல ஆயன் உவமையையே நடுவில் வைத்தார்கள்: சிறிய மர ஆடுகள், ஒரு பட்டி, ஆயன். ஆடுகள் ஒவ்வொன்றையும் ஆயன் பெயர் சொல்லி அழைக்கிறார் என்பதை அந்தப் பிள்ளைகள் தம் கையாலேயே நகர்த்தி நகர்த்தி அறிந்தார்கள். எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கும் உவமைகள் ஆறு வயதுக்குப் பிறகே அங்கே வருகின்றன. ‘நான் அன்பு செய்யப்படுகிறேன்’ என்பது முதலில் வேர்விட வேண்டும், ‘நான் என்ன செய்ய வேண்டும்’ என்ற கேள்விக்கு அந்த வேரிலிருந்தே விடை முளைக்கும் என்பது அவர்களின் எண்ணம். வகுப்பறையில் நான் கண்டதும் அதற்கு ஒத்துப்போகிறது. நான் மர ஆடுகளுக்கு எங்கே போவேன்? களிமண்ணில் பிடித்து அடுப்பு மேடையில் காயவைத்தேன். ஓர் ஆட்டுக்குக் கால் ஒடிந்துவிட்டது. பிள்ளைகள் எப்போதும் அந்த ஆட்டைத்தான் ஆயனின் தோளில் வைக்கிறார்கள்.

ஆகையால் பென்சிலைப் பற்றி விசாரணை வேண்டாம். “இது முன்பள்ளிப் பெட்டியில் இருக்கும் பென்சில். மற்றப் பிள்ளைகள் தேடுவார்கள். நாம் இரண்டு பேரும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம்” என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போங்கள். உரியதை உரியவருக்குக் கொடுப்பதுதான் நீதி என்ற நற்பண்பு. சாலமோனின் ஞான நூலின் எட்டாம் அதிகாரம் தன்னடக்கம், விவேகம், நீதி, துணிவு என்று நான்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறது. இந்தப் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், அவளுக்கு இப்போது தேவையில்லை. நன்மையைச் செய்வதற்கான உறுதியான, பழகிப்போன மனநிலையே நற்பண்பு என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு வரையறுக்கிறது. பழக்கம் கைகால்களின் வழியாக வருவது. பென்சிலைத் தன் கையாலேயே அந்தப் பெட்டிக்குள் வைக்கும் அரை நிமிடத்தில் அவள் கற்பதை, நான் ஒரு மாதம் பேசினாலும் கற்பிக்க முடியாது.

பதில் 2: பிள்ளைமடுவப் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகப்) பொறுப்பாளர், நுவரெலியா மாவட்டம்

மறையாசிரியை அக்கா சொன்னவற்றை முழுமனதோடு ஏற்கிறேன். நான் கேட்க விரும்புவது வேறொன்று. பொய் சொல்வதற்கு அந்தப் பிள்ளை எங்கே கற்றுக்கொண்டாள்? உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. என் வீட்டில் நடந்ததை வைத்தே கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சிறுகடன் வாங்கியிருந்தேன். வாரத் தவணையை வாங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆள் வருவார். கையில் பணம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து வயது மகனை வாசலுக்கு அனுப்பி, அம்மா மலைக்குப் போய்விட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, அடுப்படியில் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவன் தெளிவாகச் சொன்னான். வந்தவர் போய்விட்டார். பிறகு அவன் உள்ளே வந்து என் முகத்தை அண்ணாந்து பார்த்தான். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றான். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்போது எப்படி நிற்பானோ, அப்படியே நின்றான். அந்த முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் வயிறு கலங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழந்தாளிட்டுச் செபிக்கக் கற்றுக்கொடுத்த அதே கையால்தான் அவனை வாசலுக்குத் தள்ளியிருந்தேன்.

அன்று இரவே அவனை மடியில் வைத்து, “அம்மா இன்றைக்குச் சொல்லச் சொன்னது உண்மை இல்லை. அம்மா பயந்துவிட்டேன். உன்னை அப்படிச் சொல்ல வைத்ததற்கு மன்னித்துக்கொள்” என்றேன். அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நானே வாசலுக்குப் போய், இந்த வாரம் தர முடியவில்லை என்று சொன்னபோது, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவனும் பக்கத்தில் நின்றான். வந்தவர் கடுமையாகத்தான் பேசினார். பெற்றோர் தம் குறைகளைப் பிள்ளைகளின் முன் ஒப்புக்கொள்ளத் தெரிந்திருந்தால், அவர்களை வழிநடத்தவும் திருத்தவும் இன்னும் நன்றாக இயலும் என்று மறைக்கல்வி ஏட்டின் 2223-ஆம் பத்தி சொல்வதைப் பிற்பாடு எங்கள் பங்கின் அருட்சகோதரி எடுத்துக்காட்டினார். அந்த ஒரு வரியை நான் பல மாதங்களாகச் சுமந்து திரிந்தேன்.

பகிர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மடுவத்தில் இரண்டு வயதுப் பிள்ளையிடம் “கொடு, கொடு” என்று பிடுங்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். ‘என்னுடையது’ என்ற சொல்லையே இப்போதுதான் கண்டுபிடித்திருக்கும் பிள்ளை, அதை ஒருமுறை நன்றாகச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விட்டுக்கொடுக்கும். நான்கு வயதினருக்கு வேறு வழக்கம் வைத்திருக்கிறோம். பிஸ்கட்டைப் பங்கிடும் பொறுப்பு நாளுக்கு ஒரு பிள்ளைக்கு. பங்கிடுகிறவர் தமக்குரியதைக் கடைசியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2022-இல் பால்மா கிடைக்காமல் கடை கடையாக அலைந்த நாட்களில், ஒரு பக்கெட் பிஸ்கட்டை எண்ணி எண்ணிப் பங்கிட வேண்டியிருந்தது. ஒருநாள் கணக்குத் தவறி, பங்கிட்ட சிறுமிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெறுந்தட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பையன் கடித்த பாதியை அவள் தட்டில் வைத்தான். நாங்கள் யாரும் சொல்லவில்லை. மடுவத்தில் இந்துப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் கலந்தே இருக்கிறார்கள். அந்தப் பையன் மாரியம்மன் கோயில் பூசாரியின் பேரன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் அடுத்த காம்பராவிலிருந்தும் நன்மையைக் கற்கிறார்கள்.

பதில் 3: பண்டாரவளைத் தாத்தா

பிள்ளைகளே, எழுபத்து நான்கு வயதாகிறது எனக்கு. எல்லாரும் எழுதியதை வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த அப்பாயியைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

எங்கள் காலத்தில் தாய்மார் கைக்குழந்தையைக்கூட விட்டுவிட்டு மலையேறினார்கள். ஒரு கிழவி ஆறேழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். ஒரு பக்கம் எரியும் அடுப்பு, மறுபக்கம் சறுக்கும் சரிவு, கீழே கான் (வடிகால்). ஒவ்வொருவனையும் மடியில் வைத்து விளக்கிச் சொல்ல அவளுக்கு நேரம் ஏது? “சாமி கண்ணைக் குத்தும்” என்ற ஒரு சொல்தான் அவள் கையிலிருந்த வேலி. அந்த வேலிக்குள்தான் நாங்கள் உயிரோடு வளர்ந்தோம். அதே கிழவிதான் எனக்குச் செபமாலை கற்றுக்கொடுத்தாள், காவல் சம்மனசு (காவல் தூதர்) செபத்தையும் கற்றுக்கொடுத்தாள். தனக்கென்று வைத்திருந்த ரொட்டியை எனக்குப் பிட்டுத் தந்ததும் அவள்தான்.

இறையச்சம் தூய ஆவியின் ஏழு கொடைகளில் ஒன்று என்று நாங்கள் மனப்பாடம் செய்தோம். இன்று அச்சம் என்ற சொல்லையே வீட்டுக்கு வெளியே வைத்துவிடுகிறீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. எதற்கும் அஞ்சாத பேரப்பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுடைய தாய் அழுவதையும் பார்க்கிறேன்.

மகளே, உன் மாமியாருக்குத் தெரியாமல் புது முறை எதையும் தொடங்காதே. பகலெல்லாம் பிள்ளை அவரிடம்தான் இருக்கிறது. அவரைத் திருத்துகிற மாதிரிப் பேசாமல், அந்தத் துவாயைக் காட்டி, “அத்தை, பிள்ளை பயந்திருக்கிறாள், என்ன செய்யலாம்?” என்று அவரிடமே கேள். அவருக்கு ஏதாவது தோன்றும்.

பதில் 4: கண்டியிலிருந்து ஒரு குருமாணவர்

தாத்தா அவர்களின் பதிலை மூன்று முறை வாசித்தேன். அவர் தொட்ட இடம் முக்கியமானது. அங்கே திருச்சபை ஏற்கெனவே ஒரு வேறுபாட்டை வகுத்து வைத்திருப்பதால் அதை எழுதுகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளரான புனித தோமா அக்குவினா, அச்சத்தின் வகைகளுள் இவ்விரண்டை வேறுபடுத்திப் பேசுகிறார். தண்டனை கிடைக்குமே என்று அஞ்சுவது அடிமையின் அச்சம். அன்பு செய்பவரின் மனத்தை நோகடித்துவிடுவோமோ, அவரைப் பிரிந்துவிடுவோமோ என்று அஞ்சுவது பிள்ளையின் அச்சம். தூய ஆவியின் கொடை இந்த இரண்டாவது அச்சமே. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஏறி வரலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. தாத்தாவின் வாழ்க்கையில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்: கண்ணைக் குத்தும் சாமியைப் பற்றிச் சொன்ன அதே கிழவி ரொட்டியைப் பிட்டுத் தந்ததால், அந்தச் சொல் அவருக்குள் வேறொன்றாக மாறியது. உங்கள் மகளுக்கும் அந்த இரண்டாவது பாதி கிடைக்க வேண்டும்.

பிரான்சு நாட்டுத் துறவியான குழந்தை இயேசுவின் புனித தெரேசாவுக்கும் ஏறத்தாழ உங்கள் மகளின் வயதில் இப்படி ஒன்று நடந்தது. சுவரில் ஒட்டியிருந்த தாளின் ஒரு மூலையை அவர் கிழித்துவிட்டார். தகப்பனாரிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்று துடித்தார். தகப்பனார் திரும்பி வர நான்கு மணி நேரம் ஆனது. அதற்குள் மற்றவர்கள் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். அவரோ அக்காவிடம் ஓடி, தாளைக் கிழித்ததை அப்பாவிடம் சொல் என்று கெஞ்சி, தீர்ப்புக்குக் காத்திருப்பவரைப்போல நின்றார். தானாகவே ஒப்புக்கொண்டால் மன்னிப்பு இன்னும் எளிதாகக் கிடைக்கும் என்ற எண்ணம் அந்தச் சின்னத் தலைக்குள் இருக்கிறது என்று தாய் செலி மார்ட்டின் கடிதத்தில் எழுதிவைத்தார். மன்னிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அந்தப் பிள்ளை ஒளிந்துகொள்ளாமல் ஓடி வந்தது. அந்தத் தாயும் தந்தையும் 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றார்கள். பிள்ளைகள் ஓடி வரக்கூடிய ஒரு வீட்டை அவர்கள் அமைத்திருந்தார்கள்.

நட்சத்திர அட்டவணையை நீங்கள் கிழித்தது சரியென்றே எனக்குப் படுகிறது. ஆயினும் எண்ணுவது எல்லாமே தவறு என்று நினைத்துவிட வேண்டாம். அதே தெரேசா, தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்த ஒவ்வொரு முறையும், சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு மணியை நகர்த்துவார் என்றும் அவருடைய தாய் எழுதியிருக்கிறார். அந்த மணிகள் பைக்குள் இருந்தன, சுவரில் இல்லை. வேறு எவரும் பார்ப்பதற்கில்லை.

இன்னொன்று. நற்பண்பைப் பெயர் சொல்லிக் கற்பிப்பதைவிட ஆளைக் காட்டிக் கற்பிப்பது பிள்ளைகளுக்கு எளிது. ஆளைத் தேடி நாம் தொலைவுக்குப் போக வேண்டியதும் இல்லை. 1697-இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளிகளை விட்டுவிட்டு உறவினரே ஓடியபோது, கோவாவிலிருந்து வந்த குருவான புனித யோசேப்பு வாஸ் அந்த நோயாளிகளைத் தேடிப் போய் உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். மதம் எதுவென்று பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் ஒற்றன் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டவர் அவர். நான்கு வயதுப் பிள்ளைக்கு இத்தனையும் வேண்டாம். “எல்லாரும் பயந்து ஓடினார்கள், இவர் மட்டும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்” என்பது போதும். சனவரி 16 அவருடைய திருநாள். அன்றைக்கு உங்கள் லயத்தில் காய்ச்சலில் படுத்திருக்கும் எவருக்காவது உங்கள் மகளின் கையால் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்.

மீண்டும்: ஹட்டன் பக்கத்துத் தாய்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் தாத்தா சொன்னபடி மாமியாரிடம் கேட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பென்சில் விடயத்தைவிடக் கடினமாக இருந்தது. அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னுடைய அம்மாயி தன்னிடம் அப்படித்தான் சொன்னார் என்றும், அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு தானும் பல நாள் இருட்டில் வெளியே போகப் பயந்ததாகவும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அதை அவர் எவரிடமும் சொன்னதில்லையாம். மறுநாள் நான் மலையிலிருந்து வந்தபோது, அவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, “சாமி கண்ணைக் குத்தாதுடி. உன் கண்ணுக்குள்ள தூசு விழுந்தா ஊதிவிடுற சாமி அது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பென்சிலை வெள்ளிக்கிழமை கொண்டுபோனோம். அதற்காக அரைநாள் வேலையை விட்டேன். வழி நெடுக என் கையை இறுகப் பிடித்திருந்தாள்; முன்பள்ளி வாசலில் நின்றுவிட்டாள். ஆசிரியைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், அவர் ஒன்றும் கேட்காமல் பெட்டியை மட்டும் திறந்து காட்டினார். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் பென்சிலை வைத்தாள், பிறகு எடுத்துத் திருப்பி, கூர்முனை மற்றப் பென்சில்களைப் போலவே மேலே பார்க்கும்படி மறுபடி வைத்தாள். அழவில்லை. திரும்பி வரும்போது பீலியடியில் தண்ணீர் குடித்துவிட்டு, “சிவப்பு வீட்டுக்குப் போயிருச்சு” என்றாள்.

பிள்ளைமடுவ அக்கா எழுதியதை வாசித்த இரவு என் கணவரும் நானும் நெடுநேரம் பேசினோம். எங்கள் வீட்டு வாசலிலும் அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமைகள் இருந்திருக்கின்றன. இனி அவளை அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வருகிறவரிடம் யார் பேசுவது என்பதுதான் இன்னும் எங்களுக்குள் தீரவில்லை.

துவாய் முழுவதும் இறங்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் செபம் முடிந்ததும் அவள் பலகையில் ஏறி, ஒரு மூலையைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுகிறாள். நேற்று அந்த மூலையைச் சட்டத்தின் மேல் மடித்துச் செருகிவிட்டு இறங்கினாள். ஆண்டவருடைய ஒரு கையும் இருதயமும் இப்போது தெரிகின்றன. அடுத்த முதல் வெள்ளிக்குப் படத்துக்குப் பூ வைப்பதற்காக அப்பாயியும் பேத்தியும் வேலியோரத்துச் செவ்வந்தியைக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு சிறு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. அந்த மணி விடயம் மாமியாருக்கு மிகவும் பிடித்துப்போய், அறுந்துபோன தன்னுடைய பழைய செபமாலையின் மணிகள் பத்தை எடுத்து நூலில் கோத்துக்கொண்டிருக்கிறார். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா?

பதில் 5: தலவாக்கலை மறையாசிரியை

கொடுங்கள், சகோதரி. மணி கழன்று வாய்க்குள் போய்விடாத அளவுக்கு நூல் உறுதியாக இருக்கட்டும். மணிகள் நகரும்படி கோவையைச் சற்றுத் தளர்வாக விடச் சொல்லுங்கள். அவளுடைய கவுனில் பை இல்லாவிட்டால் ஒன்று தைத்துக் கொடுங்கள். மாலையில் எத்தனை மணி நகர்ந்தது என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.